பஞ்சு விற்கிறோமா, பொய் விற்கிறோமா?

பிளைவுட், ஜிப்சம் போர்டு, ஃபோம், கண்ணாடிப் பஞ்சு முதலிய சரக்குகளை வைத்திருக்கும் நமது உறுப்பினர்களின் கடைகளுக்கு இப்போது புதுவிதமான வாடிக்கையாளர் ஒருவர் வருகிறார். வீடு கட்டுபவரோ அலுவலகம் அமைப்பவரோ அல்லர். வீட்டில் ஓர் அறையை இசைப்பதிவுக் கூடமாக மாற்ற நினைப்பவர். அவர் கேட்கும் முதல் கேள்வி: "சவுண்ட் புரூஃப் பேனல் இருக்கா?" நம்மில் பலர் தரும் பதில்: "இருக்கு சார், எத்தனை சதுர அடி வேணும்?" இந்த ஒரு கேள்வியிலும் ஒரு பதிலிலும் நமது தொழிலின் நாணயம் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி எழுதவே இந்தக் கட்டுரை.

ஒரு காலத்தில் ஒலிப்பதிவுக் கூடம் என்றால் ஏவி.எம்., பிரசாத் போன்ற பெரிய ஸ்டூடியோக்கள்தாம். அந்த வேலைக்கென்றே நிபுணர்கள் இருந்தார்கள். என்ன சரக்கு, எந்தக் கனம், எங்கே மாட்டுவது என்று அவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். நாம் எடுத்துக் கொடுத்தால் போதும். கோடம்பாக்கத்தில் ஏ.ஆர். ரகுமான் தம் வீட்டோடு அமைத்துக்கொண்ட பஞ்சதன் கூடமும், 1992இல் வெளிவந்த ரோஜா படத்தின் வெற்றியும், பெரிய ஸ்டூடியோ இல்லாமலும் இசையைப் பதிவு செய்யலாம் என்ற நம்பிக்கையை இளைஞர்களுக்குக் கொடுத்தன. பிறகு கம்ப்யூட்டர் மலிந்தது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் பாட்டு வாத்தியார்களும் வீட்டிலிருந்தே வகுப்பு எடுக்கப் பழகினார்கள். இன்று பாடுபவர், விளம்பரத்துக்குக் குரல் கொடுப்பவர், வீணை சொல்லித் தருபவர், குறும்படம் எடுப்பவர் எல்லோருக்கும் ஓர் அமைதியான அறை வேண்டியிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு நிபுணரை வைத்துக்கொள்ள வசதியில்லை. அந்த நிபுணர் இருந்த இடத்தில் இப்போது நமது கடைப் பையன் நிற்கிறான். ஆகவே பொறுப்பும் நம் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

உறிஞ்சுவது வேறு, தடுப்பது வேறு

முதலில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். அறைக்குள் எழும் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வராமல் இருக்கச் செய்வது ஒரு வேலை. அறைக்குள் இருக்கும் சத்தம் வெளியே போகாமலும், வெளிச்சத்தம் உள்ளே வராமலும் இருக்கச் செய்வது இன்னொரு வேலை. முதல் வேலைக்குப் பஞ்சு வேண்டும். அதாவது காற்று புகுந்து போகக்கூடிய, இலேசான, நுண்துளையுள்ள பொருள். இரண்டாவது வேலைக்குக் கனம் வேண்டும். காற்றுகூடப் புகாத அடைப்பு வேண்டும். சல்லடையும் தண்ணீர்த் தொட்டியும் எப்படி ஒன்றாகா, அப்படியே இவை இரண்டும் ஒன்றாகா.

தடுப்பு வேலைக்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு. சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால் ஏறத்தாழ 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும். செங்கல் சுவரோடு ஒப்பிட்டால் ஃபோமுக்கு எடை என்ன இருக்கிறது? அதை ஒட்டுவதால் சுவரின் எடை கூடிவிடப் போவதில்லை. அதுபோலவே, ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதிச் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும், மொத்தத்தில் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. கதவடி இடைவெளி, ஏ.சி. குழாய்க்குப் போட்ட ஓட்டை, ஜன்னல் சட்டத்தின் ஓரம் ஆகியவை வழியாகத்தான் சத்தம் ஓடுகிறது. ஓட்டைக் குடத்துக்கு வெளியே பட்டுத்துணி சுற்றினால் தண்ணீர் நிற்குமா?

சென்ற ஆண்டு மிருதங்கம் கற்பிக்கும் பெரியவர் ஒருவர் எங்கள் கிடங்குக்கு வந்திருந்தார். அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவர். "நூறு சதம் சவுண்ட் புரூஃப்" என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி நான்கு சுவரிலும் கதவிலும் கூம்பு கூம்பான ஒரு அங்குல ஃபோமை ஒட்டியிருக்கிறார். மேல்மாடிக்காரரின் புகார் ஒரு நாளும் குறையவில்லை. "அதாவது போகட்டும் ஐயா, வலந்தலையில் நாதமே செத்துப் போச்சு. தொப்பி மட்டும் உறுமுது. வாசிக்கவே பிடிக்கலை" என்றார். அவர் சொன்ன இரண்டு குறையும் சரியானவை. பஞ்சு வெளியே போகும் சத்தத்தைத் தடுக்காது, அது முதற்குறை. மெல்லிய பஞ்சு மேல்சுரங்களை மட்டுமே விழுங்கிவிட்டுக் கீழ்ச்சுரங்களை அப்படியே விட்டுவிடும், அது இரண்டாவது. அவருக்கு வேண்டியிருந்தது கனமான கதவும், ஓரங்களில் ரப்பர் அடைப்பும், தரையில் அதிர்வைத் தாங்கும் மிதவைத் தளமும். அவருக்குக் கிடைத்ததோ ஒட்டுப் பசை காய்ந்த பஞ்சு.

எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும்

நல்ல கம்பெனிச் சரக்கோடு ஒரு தாள் வரும். அதில் என்.ஆர்.சி. என்று ஓர் எண் இருக்கும். 0.85 என்றால் மேலே விழும் ஒலியில் ஏறக்குறைய நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கை உறிஞ்சும் என்று பொருள் கொள்ளலாம். ஆனால் இந்த எண் 250, 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் என்ற நான்கு அலைவரிசைகளின் சராசரி மட்டுமே. 125 ஹெர்ட்ஸும் அதற்குக் கீழே உள்ளவையும் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. மிருதங்கத்தின் தொப்பி, தவில், பேஸ் கிதார் எல்லாம் தொல்லை கொடுப்பது அங்கேதான். ஆகவே இசைக்கூடத்துக்கு வாங்குபவரிடம் என்.ஆர்.சி. எண்ணை மட்டும் காட்டி அனுப்பக் கூடாது. தாளில் 125 ஹெர்ட்ஸ் பத்தியில் என்ன எழுதியிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். ஒரு அங்குல ஃபோமில் அது பெரும்பாலும் 0.10 பக்கம்தான் இருக்கும். சுவரோடு ஒட்டிய இரண்டு அங்குலக் கண்ணாடிப் பஞ்சுப் பலகையில் 0.20 பக்கம் இருக்கும். நான்கு அங்குலமானால் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் போகும்.

காரணம் எளியது. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை நீளம் 34 சென்டிமீட்டர். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை நீளமோ 3.4 மீட்டர், அதாவது பதினோரு அடிக்கு மேல். அத்தனை பெரிய அலையை ஒரு அங்குலப் பஞ்சு என்ன செய்துவிடும்? கனம் வேண்டும், அல்லது பலகைக்கும் சுவருக்கும் நடுவே காற்றிடைவெளி வேண்டும். இரண்டு அங்குலப் பலகையைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி மாட்டினால், கூடுதல் செலவில்லாமல் கூடுதல் பலன் கிடைக்கும். இந்த ஒரு யோசனையை வாடிக்கையாளருக்குச் சொன்னால் அவர் நம்மை மறக்க மாட்டார்.

இன்னொரு கவனமும் வேண்டும். அதே பலகையைச் சுவரோடு ஒட்டிச் சோதித்தால் ஓர் எண் வரும். 400 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டுச் சோதித்தால் பெரிய எண் வரும். இரண்டும் பொய்யில்லை. ஆனால் தொங்கவிட்ட எண்ணைக் காட்டி ஒட்டும் சரக்காக விற்பது தவறு. பழைய பாட்டில்களிலிருந்து செய்யப்படும் 9 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் பலகைகளில் இந்தக் குழப்பம் அதிகம். பார்வைக்கு அழகு, வெட்டுவது சுலபம், உடம்பு அரிக்காது. பேச்சுக் குரல் பதிவுக்கு உதவும். ஆனால் தாளம் முழங்கும் அறைக்கு அது மட்டும் போதாது.

அடர்த்தியிலும் ஏமாற்று உண்டு. அதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம், நமது தராசே போதும். 1200க்கு 600 மில்லிமீட்டர் அளவும் 50 மில்லிமீட்டர் கனமும் உள்ள பலகை, 48 அடர்த்தி என்றால் 1 கிலோ 730 கிராம் அளவுக்கு நிற்க வேண்டும். 32 அடர்த்தி என்றால் 1 கிலோ 150 கிராம். 24 என்றால் 860 கிராம். 48 என்று பில் போட்ட சரக்கு ஒன்றேகால் கிலோ காட்டினால், லோடு இறக்குவதற்கு முன்பே திருப்பி அனுப்பலாம். அரிசி மூட்டையை எடை போட்டு வாங்கும் ஊரில் பஞ்சு மூட்டையை மட்டும் ஏன் கண்ணால் பார்த்து வாங்க வேண்டும்?

மேலே சுற்றும் துணியும் முக்கியம். ரெக்சின் சுற்றினால் பளபளப்பாக இருக்கும்; ஆனால் மேல்சுரங்களை அது திருப்பி அடித்துவிடும். துணியை வாயருகே வைத்து ஊதினால் மூச்சு மறுபக்கம் போக வேண்டும். அதுதான் சோதனை. கடலோர ஊர்களில் ஈரக்காற்று உண்டு, மழைக்காலத்தில் சுவர் ஊறும். நனைந்த கண்ணாடிப் பஞ்சு தொய்ந்துவிடும். துணியில் பூஞ்சை பிடிக்கும். ஓதம் ஏறும் சுவரில் ஒட்ட வேண்டாம் என்று சொல்வது விற்பனையைக் கெடுக்காது. அடுத்த ஆண்டு வரும் சண்டையைத் தடுக்கும். பஞ்சைக் கையாளும் ஆட்களுக்குக் கையுறையும் முகமூடியும் கொடுக்கச் சொல்வதும் நம் கடமை.

எத்தனை பலகை வேண்டும்?

நிறைய விற்றால் லாபம் என்று நாம் நினைக்கலாம். ஆனால் அறை முழுவதும் பஞ்சு ஒட்டுவது வாடிக்கையாளருக்குக் கேடு. இதற்கு ஒரு கணக்கு நூறாண்டுக்கு முன்பே வந்துவிட்டது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சு எதிரொலித்துப் புரியாமல் போயிற்று. அதைச் சரிசெய்யும் வேலை 1895இல் வாலஸ் சபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் இரவு நேரங்களில் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டு, ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கச் செய்து, ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. அதிலிருந்து வந்த சூத்திரம் இன்றும் உலகமெங்கும் புழங்குகிறது. அடிக் கணக்கில் சொன்னால், அறையின் கன அடியை 0.049ஆல் பெருக்கி, அறையில் உள்ள மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒலி அடங்கும் நேரம் விநாடியில் கிடைக்கும்.

நமது ஊர் அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரம் 10 அடி. கன அளவு 1200. சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்துப் பரப்பு 680 சதுர அடி. வெறும் பூச்சுச் சுவர் நூற்றுக்கு மூன்று பங்குதான் உறிஞ்சும் என்று வைத்தால், காலி அறையில் ஒலி அடங்க ஏறத்தாழ 2.9 விநாடி ஆகும். சிறிய பதிவு அறைக்கு 0.3 விநாடி அளவு போதும். அதற்கு 196 சதுர அடி முழு உறிஞ்சுபரப்பு வேண்டும். சுவர்கள் தாமே 20 தருகின்றன. சோபா, திரைச்சீலை, ஜமுக்காளம், ஆட்கள் எல்லாம் ஒரு பங்கு தருவார்கள். மீதிக்கு நல்ல பலகை 130 முதல் 150 சதுர அடி இருந்தால் போதும். அதாவது 4க்கு 2 அடிப் பலகை பதினாறு முதல் பத்தொன்பது வரை. நான்கு சுவர்கள் மட்டுமே 440 சதுர அடி இருக்கின்றன. மெல்லிய ஃபோமால் அவற்றை முழுக்க மூடுகிறவருக்கு, அதில் மூன்றில் ஒரு பங்கு பரப்பில் கனமான பலகை தருவதே சரியான விற்பனை. ஒரு சதுர அடிக்கு விலை கூடுதல்; வாங்கும் அளவு குறைவு; பலன் பல மடங்கு.

எங்கே மாட்டுவது என்பதும் சொல்லித் தர வேண்டியதே. வாடிக்கையாளர் தாம் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொள்ளட்டும். இன்னொருவர் ஒரு கண்ணாடியைப் பக்கச் சுவரோடு நகர்த்திக்கொண்டே போகட்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடம் முதல் எதிரொலி எழும் இடம். அங்கே ஒரு பலகை. மற்றப் பக்கச் சுவரிலும் தலைக்கு மேல் கூரையிலும் அவ்வாறே. கீழ்ச்சுரங்கள் மூலைகளில் தேங்கும். ஆகவே நான்கு அங்குலப் பலகைகள் மூலைகளுக்குப் போக வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியாக உள்ள அறையை முடிந்தால் தவிர்க்கச் சொல்லலாம். மூன்று திசையிலும் 56 ஹெர்ட்ஸ் என்ற ஒரே இடத்தில் ஒலி கும்மும். எந்தப் பலகைக்கும் அது கடினமான வேலை. முட்டைத் தட்டை ஒட்டலாமா என்று கேட்பவரிடம், அது நாமக்கல் முட்டைக்குத்தான் நல்லது என்று சிரித்தபடியே சொல்லிவிடலாம். மெல்லிய காகிதம், சத்தத்தையும் தடுக்காது, தீயையும் தாங்காது.

தீயில் போன உயிர்கள்

இதுவரை சொன்னது பண நட்டம். இனிச் சொல்வது உயிர் நட்டம்.

2003 பிப்ரவரி 20ஆம் தேதி அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில் பாட்டுக் குழு மேடையேறியதும் மத்தாப்பு கொளுத்தினார்கள். மேடைச் சுவரில் ஒட்டியிருந்த பாலியூரத்தேன் ஃபோம் பற்றிக்கொண்டது. ஒன்றரை நிமிடத்துக்குள் உள்ளே உயிர் தரிக்க முடியாத நிலை. 100 பேர் மாண்டார்கள். அந்த ஃபோம் ஏன் ஒட்டப்பட்டது தெரியுமா? அக்கம்பக்கத்தார் சத்தம் தாங்கவில்லை என்று புகார் சொன்னதால். தீத்தடுப்புச் சேர்க்காத சாதாரண ஃபோம் அது. பிற்பாடு நட்டஈடு கொடுத்தவர்கள் வரிசையில் அந்த ஃபோமை விற்ற கம்பெனியும் நின்றது.

2013 ஜனவரி 27ஆம் தேதி பிரேசிலின் சாந்தா மரியா நகரில் கிஸ் விடுதியில் அதே கதை, 242 உயிர்கள். 2015 அக்டோபர் 30ஆம் தேதி ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் கலெக்டிவ் விடுதியில் மீண்டும் அதே கதை, 60க்கு மேற்பட்டோர். மூன்றிலும் மத்தாப்பு, மூன்றிலும் ஒலிக்காக ஒட்டிய ஃபோம். எரியும் ஃபோமிலிருந்து கரியமில வாயுவைவிடக் கொடிய கார்பன் மோனாக்சைடும் சயனைடு வாயுவும் எழும்புகின்றன. தீ தொடும் முன்பே புகை கொன்றுவிடுகிறது.

வீட்டு ஸ்டூடியோவில் மத்தாப்பு இல்லை என்று சொல்லலாம். ஆனால் அங்கே ஒரே பிளக்கில் நான்கு அடாப்டர் செருகியிருக்கும். ஜன்னலையும் அடைத்திருப்பார்கள். வெளியேற ஒரே கதவு. அதன் உட்பக்கமும் ஃபோம். சிறுபிள்ளைகள் உள்ளே பாட்டுப் படிப்பார்கள். இதைவிட என்ன ஆபத்து வேண்டும்? கண்ணாடிப் பஞ்சும் ராக்வுல்லும் எளிதில் எரிவதில்லை. ஃபோம்தான் வேண்டும் என்றால், தீச்சோதனைச் சான்று உள்ள ஃபோமையே கொடுக்க வேண்டும். மெத்தைக்கும் பொட்டலத்துக்கும் வரும் ஃபோமைக் கூம்பாக வெட்டிக் கறுப்புச் சாயம் ஏற்றினால் அது ஸ்டூடியோச் சரக்கு ஆகிவிடாது.

சட்டமும் நம்மை விடாது

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. "நான் தயாரிக்கவில்லை, விற்றேன் அவ்வளவுதான்" என்ற பழைய பதிலுக்கு அதில் இடம் குறைந்துவிட்டது. 86ஆம் பிரிவு விற்பனையாளரின் பொறுப்பைச் சொல்கிறது. தயாரிப்பாளர் தராத உத்தரவாதத்தை நாமாகத் தந்து, சரக்கு அப்படி இல்லாமல் போய் அதனால் தீங்கு நேர்ந்தால், நாம் பொறுப்பு. தயாரிப்பாளர் யார் என்றே தெரியாத சரக்கை விற்றாலும் நாம் பொறுப்பு. தயாரிப்பாளர் எழுதியனுப்பிய எச்சரிக்கையை வாங்குபவருக்குச் சொல்லாமல் விட்டாலும் நாம் பொறுப்பு. இந்த மூன்றும் நம் கடைகளில் தினமும் நடப்பவை. "தீப்பிடிக்கவே பிடிக்காது சார்" என்று கடைப் பையன் வாய்தவறிச் சொல்லும் சொல் முதலாளியின் தலைக்கு விலையாகலாம்.

"நான் விற்காவிட்டால்..."

இதைப் பேசும்போதெல்லாம் நண்பர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "அண்ணாச்சி, வாங்குறவருக்கே மலிவுதான் வேணும். நான் இல்லைன்னா பக்கத்துக் கடையில் வாங்குவார். அதுவும் இல்லைன்னா செல்போனில் ஆர்டர் போட்டு வீட்டுக்கே வரவழைச்சுக்குவார்." இந்தக் கவலையை நான் அலட்சியம் செய்யவில்லை. கடை வாடகையும் ஆள் சம்பளமும் நியாயம் பேசிக் கேட்பதில்லை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். மலிவில் ஆன்லைன் கம்பெனியோடு நாம் போட்டி போட்டு ஜெயிக்க முடியுமா? அவனிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. அது வாயால் சொல்லும் யோசனை. பொருளைக் கையில் கொடுத்து அழுத்திப் பார்க்கச் சொல்லும் வசதி. தராசில் வைத்துக் காட்டும் நேர்மை. அதையும் விட்டுவிட்டு அவன் பொய்யையே நாமும் சொன்னால், வாடிக்கையாளர் எதற்காகப் படியேறி நம் கடைக்கு வர வேண்டும்?

மேலும் இசைக்காரர்கள் வட்டம் சிறியது. ஒருவர் அறை நன்றாக அமைந்தால் அவருடைய மாணவர், பக்கவாத்தியக்காரர், பதிவு எஞ்சினியர் எல்லோரும் அதே கடையைத் தேடி வருவார்கள். கெட்டுப் போனாலும் அந்தச் செய்தி அதே வேகத்தில் போகும்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள்

அடுத்த பொதுக்குழுவில் நான்கு காரியங்களை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்று: உறிஞ்சும் பலகை எதையும் "சவுண்ட் புரூஃப்" என்ற பெயரில் உறுப்பினர் எவரும் போர்டு எழுதவோ பில் போடவோ கூடாது. இரண்டு: பில்லில் கனம், அடர்த்தி, தயாரிப்பாளர் பெயர், தீச்சோதனைச் சான்று உண்டா இல்லையா என்ற நான்கும் இருக்க வேண்டும். மூன்று: தீச்சான்று இல்லாத ஃபோமைச் சுவரில் ஒட்டுவதற்கென்று விற்பதில்லை என்று மொத்த வியாபாரிகளாகிய நாம் முதலில் முடிவு செய்ய வேண்டும், மேலே அடைத்தால்தான் கீழே நிற்கும். நான்கு: கடைப் பையன்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி வைத்து, வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைச் சொல்லித் தர வேண்டும். சத்தம் வெளியே போவது பிரச்சினையா, உள்ளே எதிரொலிப்பது பிரச்சினையா? பேச்சா, பாட்டா, தாளமா? அறையின் நீள அகல உயரம் என்ன? சொந்த வீடா, வாடகை வீடா? இந்த நான்கு கேள்விக்குப் பிறகுதான் சரக்கின் பெயரையே எடுக்க வேண்டும்.

இதில் எதற்கும் பெரிய முதல் தேவையில்லை. ஒரு தராசு, ஒரு கண்ணாடி, ஓர் அளவு நாடா, கம்பெனித் தாளைப் படிக்கும் பொறுமை ஆகியவை போதும். அடுத்த முறை ஒருவர் வந்து "சவுண்ட் புரூஃப் பேனல் இருக்கா?" என்று கேட்டால், "உட்காருங்க சார், சத்தம் எங்கே தொந்தரவு பண்ணுதுன்னு முதல்ல சொல்லுங்க" என்று நமது ஆட்கள் சொல்லப் பழகட்டும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் மீதி வியாபாரம் தானாக வரும்.